நாலு நாள் நிக்காம ஓடுற மிஷின்

இல்லம்மா, அது வேண்டாம். இறக்காத, மேல் தட்டுலயே இருக்கட்டும். மூடி பிளாஸ்டிக்கு பாரு. போன தடவை நாங்க வாங்கினதும் இதே பச்சை, இதே மூடி. கம்பெனி வேறன்னு சொல்லப் போற. பேர்தான்மா வேற. கவுத்துப் போட்டு அடியில பாத்தா மோட்டாரு, பெல்ட்டு, உருளை எல்லாம் ஒரே வயித்துல பொறந்ததுங்க.

எனக்கு என்ன வேணும்னு மறுபடி சொல்லிடறேன். துப்பாக்கியில சுட்டு முடிச்ச தோட்டாவோட பித்தளைக் கூடு கழுவுற மிஷின். தண்ணி ஊத்தி, எவர்சில்வர் ஊசி போட்டு உருட்டுறது. நாலு நாள் நிக்காம ஓடணும். ராவும் பகலும். இன்னிக்குத் திங்கள். மத்தியானம் வீட்டுக்குப் போய் மாட்டி விட்டேன்னா வெள்ளிக்கிழமை காலை வரைக்கும் அது மூச்சு விடாம சுத்தணும்.

சிரிக்கிற. நாலு மணி நேரம் போதும்னு எனக்குத் தெரியாதா? எழுபத்தெட்டு வயசாகுது. இருபது வருஷமா எங்க பழைய பட்டாளத்துக்காரங்க சங்கத்துல இந்த வேலையை நான்தான் பாக்கறேன். நாலு மணி நேரத்துல எந்தக் கூடும் கல்யாண மோதிரம் கணக்கா வந்துரும். இது கொஞ்சம் பழைய கறை. பிடிவாதமான கறைன்னு வச்சுக்கோயேன்.

எது, அந்த வட்டமா இருக்கறதா? அது குலுங்குற மிஷின்மா. மக்காச்சோளக் கட்டையைப் பொடிச்சுப் போட்டுக் குலுக்கறது. எங்க வீட்டுலயும் ஒண்ணு இருந்துச்சு. அதைப் போட்டா அலமாரியில இருக்கற தட்டெல்லாம் ஆடும். எங்க வீட்டுக்காரி லவான், இதுக்கு நீ டிராக்டரையே வீட்டுக்குள்ள ஓட்டலாமேன்னா. அதுவும் போக, அந்தப் பொடியைச் சலிக்கும்போது பறக்குற தூசியில ஈயம் இருக்கு. அப்புறம் அது நாலு நாள் குலுங்கினாலும் மேல் அழுக்கைத்தான் எடுக்கும். மேல் தோலை எடுக்காது.

தோலை எதுக்கு எடுக்கணும்னு கேக்காத. சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

உன் பேர் என்னம்மா, கண்ணாடி போடாம சட்டையில இருக்கறதைப் படிக்க முடியல. டார்லாவா. நல்லது டார்லா. என் பேர் டுவேன். நான் இங்கேர்ந்து தொண்ணூறு மைல். வடக்கே, பீட் கிழங்கு சர்க்கரை ஆலைக்கு அந்தப் பக்கம். ஆமா, எங்க ஊர்லயும் இதே மாதிரி கடை இருக்கு. இதைவிட ரெண்டு மடங்கு பெருசு. ஆனா அங்க கல்லாவுல நிக்கறது ஆர்டிஸோட பொண்ணு. நான் மிஷின் வாங்கினா எதுக்குன்னு கேக்கும். கேட்டா நான் சொல்லணும். அதுக்குத் தொண்ணூறு மைல் வண்டி ஓட்டறது சுலபம்.

ஆர்டிஸ் யாருன்னா, ஹார்லனோட சம்சாரம். ஹார்லன் என் கூட்டாளி. அவன் வயலுக்கும் என் வயலுக்கும் நடுவுல ஒரே ஒரு வாய்க்கால்தான். ஒரே வருஷம் ரெண்டு பேருக்கும் பட்டாளத்துலேர்ந்து ஓலை வந்துச்சு, ஒரே பஸ்ஸுல ஏறினோம். போன வருஷம் இல்ல, அதுக்கு முந்தின வருஷம் பிப்ரவரியில போயிட்டான். டிராக்டர் டயருக்குக் காத்து அடிச்சுக்கிட்டு இருந்தவன், அப்படியே டயர் மேலயே சாஞ்சுட்டான். ஆர்டிஸ், இவன் எதுக்கு டயரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறான்னு ஜன்னல்லேர்ந்து திட்டிக்கிட்டே இருந்துச்சாம்.

இப்ப அதுக்கு எண்பது ஆகப் போகுது. இடுப்பு ஒடிஞ்சதுலேர்ந்து தனியா இருக்க முடியல. வெள்ளிக்கிழமை முதியோர் இல்லத்துக்குப் போகுது. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். ஐம்பத்தாறு வருஷக் குடித்தனத்துலேர்ந்து ரெண்டே பெட்டிதான் எடுத்துட்டு வரலாம்னு சொல்லிட்டாங்க. ஆர்டிஸ் என்னென்ன எடுத்து வச்சிருக்குன்னா, ரெண்டு போட்டோ, ஒரு கம்பளிப் போர்வை, ஹார்லன் சவப்பெட்டி மேல விரிச்சு முக்கோணமா மடிச்சுக் குடுத்தாங்களே அந்தக் கொடி, அப்புறம் மூணு பித்தளைக் கூடு.

நேத்து சர்ச்சுல பூசை முடிஞ்சு கீழ்த்தளத்துல காபி குடிச்சுக்கிட்டு இருந்தோம். ஊன்றுகோலைத் தட்டித் தட்டி என் பக்கத்துல வந்து உக்காந்துச்சு. பையிலேர்ந்து ஒரு தோடுப் பெட்டியை எடுத்து என் கையில வச்சுச்சு. டுவேன், இது மங்கிப் போச்சு, நீ முதல்ல குடுத்தப்ப எப்படி மின்னுச்சு, மறுபடி அந்த மிஷின்ல போட்டு அதே மாதிரி ஆக்கிக் குடு, வெள்ளிக்கிழமை நான் போகறதுக்குள்ள கொண்டு வான்னுச்சு. நான் சரின்னேன். வேற என்ன சொல்றது? எதிர்ல பாதிரியார் உக்காந்து கேக்கு தின்னுக்கிட்டு இருக்காரு.

இதோ, இந்தப் பெட்டிதான். அப்புறம் திறந்து பாரு. முதல்ல மிஷினைப் பாப்போம். அந்தக் கடைசியில இருக்கறதை எடு. கறுப்பு. ஆமா, அதான். கனமா இருக்கா? குடு, நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன். முழங்கால்தான் மடங்காது, கை நல்லாத்தான் இருக்கு.

ம். டிரம்முக்கு உள்ள ரப்பர். அதுவும் ஒட்டினது இல்ல, வார்த்தது. எட்டுப் பட்டை. நல்லது. வட்டமா இருந்தா கூடு எல்லாம் அடியிலயே வழுக்கிக்கிட்டு கிடக்கும். பட்டை இருந்தாத்தான் மேல ஏறி விழும். மூடி இரும்பு. திருகாணி பித்தளை. இந்த உருளையைக் கையால சுத்திப் பாக்கறேன், ஒண்ணும் நெனச்சுக்காத. சத்தமே இல்ல பாத்தியா. பேரிங் போட்டிருக்கான். நாங்க முன்ன வாங்கினதுல பேரிங் கிடையாது. பிளாஸ்டிக் குழாய்க்குள்ள இரும்புக் கம்பி, அவ்வளவுதான். ஆறு மாசத்துல முட்டை வடிவத்துல தேஞ்சு போச்சு.

பெல்ட்டா, பல்சக்கரமா? பெல்ட்டா. ரெண்டு பெல்ட்டு. ஒண்ணு அறுந்தாலும் இன்னொண்ணு இழுக்கும். சரி. நின்னு போச்சுன்னா மணி கிணி அடிக்குமா? அடிக்காதா. அப்படி ஒண்ணு யாராவது செஞ்சா நல்லா விக்கும்மா. இந்தக் குமிழ் என்ன, நேரம் வைக்கறதா? அது எனக்கு ஆகாது. அது இருந்தா மனுஷன் அதை நம்பி எங்கயாவது கிளம்பிப் போயிடுவான். நாலு நாளும் பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காரப் போறேன். லவான் கேட்டா முதுகு வலின்னு சொல்லிக்கறேன். ஏற்கனவே நான் சும்மாதான் உக்காந்திருக்கேன்னு அவ நெனப்பு.

வேட்டைக்கு இல்லம்மா. மரியாதை வேட்டு. எங்க சுத்து வட்டாரத்துல பட்டாளத்துல இருந்தவங்க யார் செத்தாலும் எங்க சங்கத்து ஆளுங்க ஏழு பேர் போவோம். மரக்கட்டை போட்ட பழைய ரைபிள், வெள்ளைக் கையுறை. ஏழு பேர், மூணு சுற்று, இருபத்தோரு வேட்டு. எங்கள்ல சின்னவனுக்கே அறுபத்தொம்பது. அப்புறம் எக்காளம். எக்காளம் ஊதறவன் பல்செட் மாட்டினதுலேர்ந்து டேப்புதான்.

உங்க அப்பாவுக்கும் சுட்டாங்களா? எப்போ? அப்படியா. எந்த ஊர்ச் சங்கம்? அவங்க நல்லவங்க. எனக்குத் தெரியும், அவங்க கொடி மடிக்கற அழகைப் பாக்கவே போகலாம். உனக்கும் மூணு கூடு குடுத்தாங்கல்ல. எங்க வச்சிருக்க? சமையலறை ஜன்னல்லயா. எல்லாரும் அங்கதான் வைக்கறாங்க. பாத்திரம் கழுவும்போது கண்ணுல படும்.

சில சங்கத்துல என்ன பண்ணுவாங்கன்னா, முன்கூட்டியே பளபளன்னு மூணு கூட்டைச் சட்டைப்பையில வச்சிருப்பாங்க. சுட்டது கரி பிடிச்சுச் சூடா இருக்கும், கொடியில அழுக்குப்படும்னு, அங்கயே பையிலேர்ந்து எடுத்துக் குடுத்துருவாங்க. தப்புன்னு சொல்லல. வழக்கம் அப்படி. ஆனா நான் அதை ஒத்துக்கவே மாட்டேன். இருபது வருஷமா சங்கத்துல கத்தியிருக்கேன். அந்த மனுஷன் குழி மேல எது வெடிச்சுச்சோ அதைத்தான் அந்தக் குடும்பத்துக்குக் குடுக்கணும். வேற எதையோ குடுக்கறதுக்கு இரும்புக் கடையில நாலு ஆணி வாங்கிக் குடுக்கலாமே. அதனால நான் என்ன செய்வேன்னா, எல்லாரும் சாப்பிடப் போனதுக்கப்புறம், பனியோ சேறோ, குனிஞ்சு இருபத்தொண்ணையும் பொறுக்குவேன். வீட்டுக்குக் கொண்டு போய் மிஷின்ல போட்டுக் கழுவுவேன். குண்டு இல்லாத தோட்டா இல்லையா, வாய் பூவாட்டம் மடிஞ்சு வெடிச்சிருக்கும். அந்த இதழுக்குள்ள ஊசி போய்ச் சிக்கிக்கும். ஒவ்வொண்ணா இடுக்கியால எடுப்பேன். அப்புறம் நல்லதா மூணு எடுத்துக்கிட்டு, அந்த வாரத்துக்குள்ள அந்த வீட்டுக்குப் போவேன். இது அவருக்கு மேல வெடிச்சதும்மான்னு சொல்லிக் கையில குடுப்பேன். ஒரே வரிதான். ஆனா அதைச் சொல்லும்போது அவங்க முகத்தைப் பாக்கணும். கையை மூடிக்கிட்டு அப்படியே நிப்பாங்க.

அந்தப் பச்சை மிஷினா? அதை வாங்கினது நான்தான். மறைக்கறதுக்கு என்ன இருக்கு. முன்ன இருந்த மிஷின் போனப்ப, சங்கக் கூட்டத்துல ஹார்லன் எழுந்து, ரப்பர் போட்டது வாங்குவோம், அது நம்ம எல்லாரையும் புதைச்சுட்டு அப்புறமும் ஓடும்னான். நான் எழுந்து, மீன் பொரிக்கற சட்டி ஓட்டையாயிருச்சு, சங்கத்துக்குக் காசு வர்றதே வெள்ளிக்கிழமை மீன் விருந்துலதான், அது நின்னு போனா சங்கமே நின்னு போகும், மிஷின் சாதாரணமா ஒண்ணு போதும்னேன். கை தூக்கச் சொன்னாங்க. மீனுக்குத்தான் கை நிறையத் தூக்கினாங்க. ஹார்லன் உக்காந்துக்கிட்டே, சரி, டுவேன் செத்தா அவன் கூட்டை மாவுல தோச்சுப் பொரிச்சு லவான்கிட்ட குடுத்துருவோம்னான். மண்டபமே சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன்.

அந்த மிஷின் ஹார்லனோட கூட்டைக் கழுவப் போட்டப்பதான் போச்சும்மா. வேற யாரோடதுலயும் இல்ல.

பெல்ட் அறுந்துச்சு, அவ்வளவுதான். அதுக்கப்புறம் நான் வேற மிஷின் வாங்கல. சங்கத்துல வாங்கச் சொன்னாங்க, பாக்கறேன், பாக்கறேன்னு ரெண்டு வருஷம் ஓட்டிட்டேன். அதுக்கு அப்புறம் செத்தவங்க குடும்பத்துக்கெல்லாம் கரியோட அப்படியே காகிதப் பையில போட்டுக் குடுத்துடறேன். யாரும் ஒண்ணும் சொல்லல. ஒரு பையன் மட்டும் அதைத் துடைக்காதீங்க, அந்த வாசனை இருக்கட்டும்னான். நான் இருபது வருஷமா எதுக்குக் கழுவினேன்னு எனக்கே தெரியல.

டார்லா, ஒண்ணு கேக்கறேன். நீயும் வீட்டுல தோட்டா அடைக்கற ஆளுன்னு சொன்ன. பித்தளை ரோஸ் ஆயிடுச்சுன்னா மறுபடி மஞ்சள் ஆக்க முடியுமா?

ஆமா, எலுமிச்சை உப்புதான். தண்ணியில போடுவோமே, அதான். அளவு கூடிப் போச்சு. கூடின்னா ரெண்டு மடங்கு. அதுலயே ஊறிக் கிடந்துச்சு. எவ்வளவு நேரமா? நாலு நாள். ஆமாம்மா, நாலு நாள். பன்றி இறைச்சி கணக்கா ஆயிடுச்சு. நடுவுல நடுவுல கறுப்புத் திட்டு.

துத்தநாகம் வெளியேறி செம்பு மட்டும் நிக்குதுங்கற. எனக்கும் அது தெரியும். மேல மட்டும்தானே? உள்ள மஞ்சளாத்தானே இருக்கும்? அப்ப ஊசி போட்டு உருட்டிக்கிட்டே இருந்தா மேல் தோல் தேஞ்சு மஞ்சள் வரும். வரும்ல. நாலு நாள் நிக்காம உருட்டினா வரும். இதழ் ஒடிஞ்சிரும்ங்கற. பாதி ஏற்கனவே ஒடிஞ்சு போச்சு. எனக்கு மூணு தேறினாப் போதும்மா. இருபத்தொண்ணுல மூணு.

திற, திற. ஆர்டிஸ் குடுத்த பெட்டிதான். பாரு.

ஆமா, ரோஸ் இல்ல.

மஞ்சளாத்தான் இருக்கு. ரெண்டு வருஷம் ஜன்னல்ல இருந்து கொஞ்சம் மங்கியிருக்கு, அவ்வளவுதான். துணியில களிம்பு தொட்டுத் தேச்சா பத்து நிமிஷ வேலைங்கற. சரிதான். உன்கிட்டயே களிம்பு இருக்கும், இங்கயே தேச்சுக் குடுத்துருவ, தொண்ணூறு மைல் வந்ததுக்கு ஒரு காபியும் குடுத்து அனுப்புவ. வேண்டாம்மா. மூடி வை. இதை ஒரு தடவை நான் கையால தேச்சிருக்கேன். இன்னொரு தடவை என்னால தேய்க்க முடியாது. நீயும் தேய்க்காத.

உக்காரட்டுமா? இந்தப் பெட்டி மேலயே உக்காந்துக்கறேன். மிஷின் நல்லாத் தாங்குது.

ஹார்லனை அடக்கம் பண்ணின அன்னிக்கு ராத்திரியே இருபத்தொண்ணையும் மிஷின்ல போட்டேன். என் வாழ்நாள்ல எவனுக்கும் மின்னாத மாதிரி அவனுக்கு மின்னணும்னு உப்பை ரெண்டு மடங்கா அள்ளிப் போட்டேன். நாலு மணி நேரத்துக்குக் குமிழைத் திருப்பி வச்சேன். மறுநாள் விடியக்காலையில டென்வருக்குக் கிளம்பிட்டோம், பேத்தி கூடைப்பந்து ஆடறா. போகும்போது கொட்டகையை எட்டிப் பாத்திருக்கலாம். சத்தம் இல்ல, அதான் முடிஞ்சு நின்னுடுச்சுன்னு நெனச்சேன். ரெண்டு நாள்ல திரும்பணும். பனிப்புயல். நெடுஞ்சாலையை மூடிட்டாங்க. நாலாம் நாள் காலையில வந்து மூடியைத் திறக்கறேன். பெல்ட்டு போட்ட பத்து நிமிஷத்துலயே அறுந்திருக்கும் போல. அழுக்குகூடப் போகல. அப்படியே புளிச்ச தண்ணியில படுத்துக் கிடக்குதுங்க. ஒண்ணை எடுத்து இதழை விரலால தொட்டேன். பிஸ்கட்டாட்டம் உதிர்ந்துச்சு.

அப்ப பாத்து ஆர்டிஸ் போன் பண்ணுது. டுவேன், பசங்க எல்லாம் மத்தியானம் கிளம்பறாங்க, மூணு பேரும் ஒண்ணா இருக்கும்போது நீ அதைக் கொண்டு வந்து குடுத்தா நல்லா இருக்கும்னுச்சு. மணி பத்தரை. நான் சொல்லியிருக்கலாம். கெட்டுப் போச்சு ஆர்டிஸ், நான்தான் கெடுத்தேன்னு ஒரு வரி. இல்லன்னா அந்த ரோஸ் கலர்லயே மூணு எடுத்துட்டுப் போயிருக்கலாம். ஹார்லன் இருந்தா இதை வச்சே பத்து வருஷம் என்னைக் கிண்டல் பண்ணியிருப்பான். ஆனா கூட்டத்துல கத்தினவன் நான். மீனுக்குக் கை தூக்க வச்சவன் நான்.

சங்கத்து ரைபிள் ஒண்ணு என் வீட்டு அலமாரியில இருக்கும். அதே குண்டு இல்லாத தோட்டாவும் இருக்கும். மூணு எடுத்துக்கிட்டு கொட்டகைக்குப் பின்னாடி போனேன். பீட் வயல் முழுக்கப் பனி. வானத்தைப் பாத்து ஒண்ணு சுட்டேன். இழுத்துக் கூட்டை எடுத்துக் கோட்டுப் பைக்குள்ள போட்டேன். இன்னொண்ணு. இன்னொண்ணு. கையுறைகூடப் போடல. லவான் கதவைத் திறந்து என்னது அதுன்னா. மரநாய்னேன். மூணு வேட்டுக்கும் சாகலையான்னா. ஓடிப் போச்சுன்னேன்.

அப்புறம் பெஞ்சுல நிக்க வச்சு, லவானோட வெள்ளிக் கரண்டி துலக்கற களிம்பை எடுத்துத் தேச்சேன். இருபது நிமிஷம். கட்டை விரல்ல தோல் போயிருச்சு. பாரு, அடையாளம் இல்ல இப்ப, ஆனா போச்சு. மின்னுச்சும்மா. மிஷின்லகூட அந்த மினுக்கு வந்ததில்ல. ஆர்டிஸ் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். பசங்க மூணு பேரும் கோட்டு மாட்டிக்கிட்டு நிக்கறாங்க. என் வாய் பாட்டுக்கு அந்த வரியைச் சொல்லுச்சு. இது அவனுக்கு மேல வெடிச்சது ஆர்டிஸ். பெரியவன் அழுதுட்டான். நாப்பத்தொம்பது வயசு ஆளு.

உங்க அப்பாவோடது அப்படி இருக்காதும்மா. அவங்க வேற ஆளுங்க. நீ அதை நெனச்சுக் குழப்பிக்காத.

சொல்லணும்னுதான் இருந்தேன். ரெண்டு தடவை அந்த வீட்டு வாசல் வரைக்கும் போயிருக்கேன். ரெண்டு தடவையும் உள்ள கூப்பிட்டு உக்கார வச்சுப் பழக் கேக்கு குடுத்துச்சு. தின்னுட்டு வந்துட்டேன்.

ரோஸ் ஆனதைத் தூக்கிப் போடல. எல்லாம் வெளியில வண்டியிலதான் இருக்கு, காபி டப்பாவுல. இருபத்தொண்ணும். ஆர்டிஸ் நேத்து இந்தப் பெட்டியைக் குடுத்தப்ப மாட்டிக்கிட்டோம்னுதான் முதல்ல நெனச்சேன். அப்புறம் ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சா, கடவுளாப் பாத்துக் குடுத்த சந்தர்ப்பம்னு தோணுச்சு. நல்ல மிஷினா ஒண்ணு வாங்கி, நாலு நாள் ஓட்டி, அந்த இருபத்தொண்ணுல மூணாவது மஞ்சளாச்சுன்னா, அதை இந்தப் பெட்டியில வச்சுக் குடுத்துடலாம். ஹார்லன் மேல வெடிச்சது ஆர்டிஸ்கிட்டப் போயிரும். அதுக்கு ஒண்ணும் தெரியாது. பொய் சொன்னது ரெண்டு வருஷம், அதோட தீந்துச்சுன்னு. காலையில வண்டி எடுக்கும்போது பாட்டுகூடப் போட்டுக்கிட்டு வந்தேன்.

வழியில பெட்ரோல் போட நிறுத்தினேன். அப்பதான் இந்தப் பெட்டியை முதல் தடவையா நல்லாத் திறந்து பாத்தேன். எடுத்துக் கவுத்துப் பாரு. அடியில சிவப்பா இருக்குல்ல? நகப்பூச்சு. ஒரு புள்ளி, ரெண்டு புள்ளி, மூணு புள்ளி. எனக்கு அதுவரைக்கும் தெரியாது, ஆர்டிஸ் வச்சிருக்கு. நான் குடுத்த அன்னிக்கு, இதுல எது முதல் சுற்று, எது கடைசின்னு கேட்டுச்சு. இருபது வருஷத்துல யாரும் அப்படிக் கேட்டதில்ல. நான் தடுமாறவே இல்ல. சுட்ட வரிசையிலயே பெஞ்சுல நிக்க வச்சுத் தேச்சிருந்தேன்ல. ஒவ்வொண்ணோட கழுத்துலயும் ஒரு கீறல் வேற வேற மாதிரி. இது முதல், இது ரெண்டாவது, இது மூணாவதுன்னு பட்டுபட்டுன்னு எடுத்து வச்சேன். பசங்க பாத்துக்கிட்டு நின்னாங்க. அதான் அது அவ்வளவு நம்புது.

நகப்பூச்சு மிஷின்ல போயிரும்னு நேத்தே அதுக்குத் தெரிஞ்சிருக்கு. அதான் காபி குடிக்கும்போது, வரிசை உனக்குத்தான் தெரியுமே, நீயே மறுபடி புள்ளி வச்சுக் குடுன்னுச்சு. என்ன புள்ளின்னு புரியாமலே தலையாட்டினேன்.

இந்த மூணுல எது முதல்னு கண்ணைக் கட்டிக்கிட்டுக் கேட்டாலும் சொல்லுவேன் டார்லா. அந்தக் காபி டப்பாவுல இருக்கறதுல எது முதல், எது கடைசின்னு எனக்குத் தெரியாது, எதுல எந்தப் புள்ளியை வைக்க? ஏழு பேர் சுட்டது, பனிக்குள்ள எல்லாம் கலந்து கிடந்துச்சு, நான் பாட்டுக்குக் கை கையா அள்ளிட்டு வந்துட்டேன்.